டீ சக்கை தண்ணிய சுத்தமாக்குமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க வீட்டுக்கு ஊத்துத் தண்ணிதான் வருது. குடத்துல ஒரு ராத்திரி வச்சா அடியில செவப்பா படியுது. முருங்கை விதை, வாழைப்பழத் தோல், டீ சக்கை எல்லாம் தண்ணில இருக்கற ஹெவி மெட்டல இழுத்துடும்னு ஒரு வீடியோல பாத்தேன். சக்கைக்கு இங்க பஞ்சமே இல்ல, செஞ்சு பாக்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வீடியோக்காரர் பொய் சொல்லலம்மா, பாதியில நிறுத்திட்டார். மொதல்ல அந்த செவப்பு. அது அநேகமா இரும்பு, நம்ம மலை மண்ணே அப்படித்தான, உள்ள காத்து படாம கரைஞ்சு கெடக்கறது வெளிய வந்ததும் துருவாகி கீழ எறங்கிடுது. இதுக்கு விதையும் வேணாம் தோலும் வேணாம், ரெண்டு பக்கெட் எடுத்து டீ ஆத்தற மாதிரி தண்ணிய நல்லா ஆத்தி, ராத்திரி பூரா விட்டு, காலைல மணல் வழியா வடிச்சா பெரும்பகுதி போயிடும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத ஹெவி மெட்டல்தான், அதாவது காரீயமும் (லெட்) காட்மியமும். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், உள்ள அது இருக்கும். முருங்கை விதை சேத்தை கட்டி எறக்கறதுல கில்லாடி, பாட்டிங்க பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய ஒரசுனாங்களே, அதே வேலைதான். ஆனா கலங்கல் போயிடுச்சுன்னா மெட்டலும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்தத் தண்ணிய ரெண்டு நாள் வச்சீங்கன்னா விதைல இருந்து கரைஞ்சதை தின்னே கிருமி வளரும், அது வேற.

வாழைத்தோலும் சக்கையும் நெஜமாவே மெட்டல பிடிக்கும். 2011ல பிரேசில்ல அரைச்ச வாழைத்தோல வச்சு ஆத்துத் தண்ணில இருந்து காரீயத்தையும் தாமிரத்தையும் எடுத்துக் காட்டுனாங்க. 2025ல அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டிக்காரங்க பாத்ததுல, அஞ்சு நிமிஷம் டீ ஊறினாலே தண்ணில இருக்கற காரீயத்துல சுமார் 15 சதவீதத்தை இலை பிடிச்சுக்குதாம். கேக்க சந்தோஷமாதான் இருக்கு, ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. குடிநீர்ல காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, உங்க தண்ணில 0.05 இருந்து 15 சதவீதம் போனாலும் அளவைப் போல நாலு மடங்குக்கு மேல மிச்சம் நிக்குது. சக்கைல மெட்டல் ஒட்டற எடமும் கொஞ்சம்தான், நெறஞ்சிட்டா அதுக்கப்புறம் வர்றதெல்லாம் அப்படியே கடந்து போகும், எப்ப நெறஞ்சதுன்னு நம்ம கண்ணுக்கு தெரியாது. புளிப்பான தண்ணி பட்டா பிடிச்சதையும் திருப்பி விட்டுடும், லேப்ல ஆசிட் ஊத்தி கழுவி மறுபடி யூஸ் பண்றதே அதனாலதான். அந்த சக்கைய கீரைப் பாத்தில கொட்டிடாதீங்க, தண்ணில இருந்தது கொழம்புக்கு வந்துடும்!

கொதிக்க வச்சாலும் மெட்டல் போகாது, தண்ணி சுண்ட சுண்ட அடர்த்திதான் ஏறும். அதனால மொதல்ல டெஸ்ட், குடிக்கற தண்ணின்னு சொல்லி லெட், காட்மியம்னு பேர் சொல்லியே கேளுங்க, சாதா டெஸ்ட்ல அது வராது. இருக்குன்னு வந்தா ஆர்.ஓ. போடுங்க, சக்கை ரோஜாவுக்கு போகட்டும்.

கேள்வி: தேங்காய் கரி போட்டா பாதரசம் போகுமா சார்?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: நீங்க ஏன் கேக்கறீங்கன்னு புரியுது, உங்க ஊர்ல பாதரசத்தை வெளிய விட்ட தெர்மாமீட்டர் ஃபேக்டரிய 2001ல மூடினாலும் பேச்சு மூடல. 2006ல வெளியான ஆய்வுல கொடைக்கானல் ஏரித் தண்ணி, வண்டல், மீன் மூணுலயும் பாதரசம் இருந்துச்சு. பாதரசத்துக்கு ரொம்பப் பிடிச்சது கந்தகம், அதனால சாதா கரிய விட கந்தகம் ஏத்துன கரி நல்லா பிடிக்கும், முடியும் கம்பளியும் கூட பிடிக்கும். ஆனா வண்டல்ல கெடக்கறது மீன் வழியா தட்டுக்கு வரும்போது குடத்துல போட்ட கரி என்ன பண்ணும் சொல்லுங்க.

கேள்வி: ஈயச் சொம்பு ரசம் குடிக்கலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: அசல் ஈயச் சொம்பு வெள்ளீயம் (டின்), தாராளமா குடிங்க. வெலை கம்மியா கெடைக்குதுன்னு காரீயம் கலந்ததை வாங்கிட்டா ரசத்தோட புளியே அதை கரைச்சு எடுத்துடும்.