பணம் கொடுத்துச் செய்து வாங்கிய வலைத்தளமும் லோகோவும் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஃப்ரீலான்சர் ஒருவரிடம் எங்கள் நிறுவனத்துக்கு வலைத்தளமும் லோகோவும் செய்து வாங்கினோம். பேசிய தொகை முழுவதும் கொடுத்தாயிற்று. எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது வேறொருவரை வைத்துத் தளத்தை மாற்றப் போனால், "டிசைனும் கோடும் (நிரலும்) என்னுடையவை, கை வைக்கக்கூடாது" என்கிறார். டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) அவர் பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதே வழக்கு வேறு வேறு முகத்தோடு என்னிடம் வந்துகொண்டே இருக்கும். உங்களுக்குப் பிடிக்காத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன்: பதிப்புரிமையைப் பொறுத்தவரை சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான்.

பெரும்பாலான நாடுகளில் ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் செய்தது நிறுவனத்துக்குப் போகும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. ஆனால் ஃப்ரீலான்சர் ஊழியர் ஆகமாட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வீடற்றவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பு, ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம் சிலை செய்யச் சொன்னது. கருத்து அமைப்பினுடையது, செலவும் அவர்களுடையது. வேலை நடக்கும்போது போய்ப் பார்த்து யோசனையும் சொன்னார்கள். ஆனாலும் சொந்தக் கருவிகளோடு சொந்தப் பட்டறையில் வேலை செய்த சிற்பியை ஊழியராகக் கருத முடியாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஐடியா எங்களுடையது, பணமும் எங்களுடையது என்று யாராவது வாதாடினால் எனக்கு அந்தச் சிலைதான் ஞாபகம் வரும்.

அதற்காகப் பதற வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு உங்கள் தொழிலுக்கென்று செய்து கொடுத்ததால், அதை அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியையும் சேர்த்தே கொடுத்ததாகத்தான் நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்ளும். ஆகவே தளத்தை இறக்கிவிடு என்று அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சிக்கல் அடுத்த கட்டத்தில். நிரலை எவ்வளவு தூரம் மாற்றலாம், இதே லோகோவைப் பிறருக்கு உரிமம் கொடுக்கலாமா என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கும். நாளை நிறுவனத்தை விற்கப் போனால், வாங்க வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்கும் காகிதங்களில், உரிமை உங்களிடம் இருப்பதைக் காட்டும் காகிதமும் ஒன்று.

அந்தக் காகிதத்தின் பெயர் உரிமை மாற்றுப் பத்திரம். வேலை முடிந்த பிறகும் எழுதி வாங்கலாம். மின்னஞ்சலில் "சரி, எடுத்துக்கோங்க" என்று வந்த ஒற்றை வரியை மட்டும் நம்பாதீர்கள். எழுத்தும் கையெழுத்தும் இல்லாத உரிமை மாற்றம் பல நாடுகளில் செல்லாது. எந்தெந்தக் கோப்புகள், எந்தெந்த நாடுகளுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். படைப்பாளியின் தார்மீக உரிமை, அதாவது தன் பெயரைப் போடச் சொல்வதும் படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதும், உரிமையை விற்ற பின்னும் பல நாடுகளில் அவரிடமே தங்கும். சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்கு அதை வலியுறுத்தமாட்டேன் என்ற வரியையும் சேருங்கள்.

தன்னிடம் இல்லாததை அவரால் தர முடியாது என்பதையும் மறக்கவேண்டாம். தளத்தில் இருக்கும் படங்கள், எழுத்துருக்கள், ஓப்பன் சோர்ஸ் நூலகங்கள் (மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமம் உண்டு. பட்டியல் கேளுங்கள். ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் எம்ஐடி உரிமம் என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் அப்படியே வைத்திருந்தால் போதும். ஜிபிஎல் என்ற உரிமத்தில் வரும் மென்பொருளை உங்கள் சர்வரில் ஓட்டுவதால் மட்டும் மூலநிரலைத் தரும் கடமை வராது. ஆனால் ஏஜிபிஎல் என்ற வேறோர் உரிமத்தில் வரும் மென்பொருளைத் திருத்தி இணையம் வழியே பிறர் பயன்படுத்த விட்டால், அந்தக் கடமை வரும். படங்களின் உரிமம் அவர் கணக்கில் வாங்கப்பட்டிருந்தால் அது உங்களுக்குச் செல்லுமா என்று நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு அவசரம் டொமைன்தான். டொமைனை ஆள்வது, அதை விற்றுப் பதிந்து கொடுக்கும் பதிவு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே கணக்குக்கு உரியவர். டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் யுடிஆர்பி என்ற தகராறு தீர்வு நடைமுறையில் புகார் கொடுக்கலாமே என்று பலர் சொல்வார்கள். அதில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: உங்கள் டிரேட்மார்க்கோடு பெயர் ஒத்திருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், பயன்படுத்தவும் செய்கிறார். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்காக, நீங்கள் சொல்லித்தான் அவர் பதிந்தார். இது ஒப்பந்தத் தகராறு, எங்கள் வேலை இல்லை என்று தள்ளுபடி செய்ய நடுவர்களுக்கு அதுவே போதும். ஜெயித்தாலும் பெயர் கைமாறும் அல்லது ரத்தாகும், நஷ்டஈடு கிடையாது.

அதனால் முதலில் பேசுங்கள். அதே பதிவு நிறுவனத்தில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கி, டொமைனை அதற்குள் தள்ளிவிடச் சொல்வதுதான் எளிய வழி. உரிமையாளர் பெயர் மாறியதும் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழக்கூடும், எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் துடிக்காதீர்கள். பேச்சு நடக்கும்போதே புதுப்பிக்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டையில் அவர் புதுப்பிக்காமல் விட்டால் பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

லோகோவை டிரேட்மார்க்காகப் பதிவது தனி வேலை. அது பொதுவாக ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டிய உரிமை. உரிமை மாற்றுப் பத்திரம் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் படம் என்னுடையது என்று அவர் ஆட்சேபம் கிளப்ப இடம் கொடுத்ததாகிவிடும்.

இதற்கெல்லாம் அவர் கூடுதல் தொகை கேட்டால்? நியாயமான தொகையாக இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ரோஷம் வரும், தெரியும். வக்கீல் கட்டணத்தின் முதல் தவணையே அதைத் தாண்டிவிடும். பத்திரத்தில் கையெழுத்தும் டொமைனும் வந்த பிறகுதான் பணம் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். ஹோஸ்டிங் (தளக் கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் சேவை) உங்கள் கணக்கில் இருந்தால், பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.