12 முட்டை அடைவைத்தால் 4, 5 குஞ்சுதான் பொரிக்கிறது, மீதி கூமுட்டை. என்ன தவறு? (திருநெல்வேலி, சித்திரையில் அடைவைத்தது)

சித்திரையில் வைத்தேன் என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கோழி உட்காரும் முன்பே முட்டை கெட்டிருக்கும். கரு ஒழுங்காக வளர 37.5 டிகிரி சூடு வேண்டும். ஆனால் 25 டிகிரியைத் தாண்டினாலே அது மெல்ல வளரத் தொடங்கி, போதிய சூடு கிடைக்காமல் நலிந்து செத்துவிடும். நம் ஊர் வெயிலில் பரணில் 10 நாள் கிடந்த முட்டை இப்படித்தான் போகும்.

அடைவைக்கும் நாள் வரை முட்டையைச் சேர்த்துவைக்க, மண்சட்டியில் ஈர ஆற்றுமணல் பரப்பி, மேலே சாக்கை மடித்துப் போட்டு, கூர்முனை கீழாக முட்டைகளை அடுக்கி, நிழலான மூலையில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை அடைக்கு எடுக்க வேண்டாம். கழுவவே கூடாது, ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். 8, 10 பெட்டைக்கு ஒரு நல்ல சேவலாவது வேண்டும்.

கோழி அடை உட்கார, ஓலைப்பெட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு, சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் தூவுங்கள். செள்ளுப்பூச்சி கடித்தால் கோழி அடையில் நிலைக்காது, முட்டை ஆறிப்போகும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வைத்துக் கரிக்கோடு போட்டுவிடுங்கள். வேறு கோழி வந்து இட்டதைக் கோடில்லாததை வைத்தே கண்டு எடுத்துவிடலாம். விட்டால், முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கும்போது அது பாதியில் நின்றுவிடும்.

7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாக இருந்தால் கரு உண்டாகாதது. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் செத்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், அழுகி வெடித்தால் மற்றதும் கெடும். 18ஆம் நாளுக்குப் பிறகு தொடாதீர்கள். 21ஆம் நாள் ஓட்டை உடைத்து உதவப்போனால் ரத்தம் கசிந்து குஞ்சு சாகும்.

பொரித்த முதல் நாள் இரை தேவையில்லை, வயிற்றில் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். தண்ணீர் போதும். பிறகு குருணை, பொடித்த கம்பு. குஞ்சுக்குத் தீனியாகக் கரையான் பிடிக்க, பழம்பானையில் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, புற்றோரம் மாலையில் கவிழ்த்துவையுங்கள், விடிந்ததும் கிடைக்கும். பூச்சிமருந்து அடித்த வயல் பக்கம் மட்டும் வேண்டாம்.

பருந்திடமிருந்து காக்கப் பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கூடை) போதும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு அது போதாது. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, 8 வாரத்தில் தடுப்பூசி, இரண்டும் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். அந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது.