2 லட்சம் என்று எழுதியிருந்த வரி

அன்புள்ள அக்கா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன ஞாயிறு முதல்முறையாக ஆன்லைன் கோடிங் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். இரண்டு மணி நேரம், ஐந்து கணக்கு. ஒன்றுதான் போட முடிந்தது. இரண்டாவதில், கொடுத்த எண்களில் எத்தனை ஜோடிகளின் கூட்டுத்தொகை ‘கே’ என்ற எண்ணுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்க, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போட்டேன். மாதிரிக்குச் சரியான விடை வந்தது. ஆனால் சப்மிட் செய்தபோதெல்லாம் ‘டைம் லிமிட்’ (நேர வரம்பைத் தாண்டிவிட்டது) என்றே வந்தது. எண்களின் எண்ணிக்கை 2 லட்சம் வரை இருக்கலாம் என்று கீழே போட்டிருந்தது, அதனாலா? விடுதித் தோழிகள் மூன்று கணக்கு போட்டுவிட்டார்கள். எனக்கு இது வராதோ என்று பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆமாம், அதனால்தான். காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், போட்டி முடிந்த பிறகு என்பதுதான் வித்தியாசம்.

கணக்கில் கதையைவிட முக்கியமானது, 2 லட்சம் வரை என்ற அந்த வரி. 2 லட்சம் எண்களில் ஜோடிகள் கிட்டத்தட்ட 2,000 கோடி. கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்குப் பத்து கோடி எளிய வேலை செய்யும் என்பது போட்டியாளர்கள் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் உங்கள் நிரலுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டும். இந்த மாதிரிக் கணக்குக்குத் தருவது ஒன்றிரண்டு விநாடி. லூப் எழுதுவதற்கு முன்பே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால், வேறு வழி தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

வேறு வழி இதுதான்: எண்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘கே’யிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது இதற்கு முன் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று ஒரு மேப்பில் (எந்த எண் எத்தனை தடவை வந்தது என்று குறித்து வைக்கும் பட்டியல்) பார்த்து, விடையோடு கூட்டுங்கள். அப்புறம் இந்த எண்ணையும் மேப்பில் சேருங்கள். ஒரே லூப்தான். ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 18 படி என்று வைத்தாலும் மொத்தம் 36 லட்சம்.

இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. நான் அதில் விழுந்திருக்கிறேன். என் முதல் போட்டி, கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச நிரலாக்கப் போட்டியான ஐசிபிசி முறையில் நடந்தது. மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். ஒரு கணக்கைக் கடைசியில் சரியாகப் போட்டுவிட்டால், அதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடம் நம் நேரத்தோடு கூட்டுவார்கள். இதே போன்ற ஒரு கணக்கு வந்தது. ‘ராங் ஆன்சர்’. பதற்றத்தில் இங்கே ஒரு குறி, அங்கே ஒரு எல்லை என்று மாற்றி மாற்றி மொத்தம் நான்கு தடவை தவறாக அனுப்பிவிட்டேன். அணித் தோழி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் எழுதினாள்: ‘எல்லாமே ஒரே எண்ணாக இருந்தால்?’

2 லட்சம் ஒன்றுகள், ‘கே’ 2 என்று கொடுத்து ஓட்டினோம். திரையில் -1474936480. ஜோடிகளை எண்ணினால் மைனஸ் எப்படி வரும்? சி பிளஸ் பிளஸ் மொழியில் ‘இன்ட்’ என்ற எண் வகை தாங்குவது 2147483647 வரைதான், சுமார் 214 கோடி. உண்மையான விடையோ 2,000 கோடியை ஒட்டி. இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் ‘லாங் லாங்’ என்று மாற்றியதும் ஏற்றுக்கொண்டது, கணக்கைச் சரியாகப் போட்டதற்கு அடையாளமாக எங்கள் மேஜையில் பலூன் கட்டினார்கள். 80 நிமிடம் போனது போனதுதான். அன்றிலிருந்து அனுப்புவதற்கு முன் எல்லாம் ஒரே மதிப்பாக, எல்லாம் பெரியதாக, ஒரே ஒரு எண்ணாக என்று மூன்று விதமாக ஓட்டிப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. இரண்டு நிமிட வேலை.

தோழிகள் மூன்று போட்டதைப் பற்றி வருத்தப்படாதீர்கள். அவர்கள் பக்கத்து அறையில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு வசதி! மூன்றாவது கணக்கைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது என்று கேளுங்கள். நிரலை வாங்கிப் பார்க்க வேண்டாம், யோசித்த விதத்தை மட்டும் கேளுங்கள்.

கோட்ஃபோர்சஸ், அட்கோடர் போன்ற தளங்களில் போட்டி முடிந்த பிறகும் அதே கணக்குக்கு விடை அனுப்பலாம். உங்களுடையதிலும் அந்த வசதி இருந்தால் இன்று இரவே இரண்டாவதைப் போட்டு முடியுங்கள். மூன்றாவதோடு ஒரு மணி நேரமாவது தனியாக உட்கார்ந்துவிட்டு, அப்புறம் விளக்கத்தைத் திறங்கள். எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா