காற்றாலை சுழன்றும் பேட்டரி ஏறாதது குறித்து

கூரை மேல் வைத்த, 1.2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலையையும் சூரியத் தகட்டையும் ஒரே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்திருப்பதாகவும், காற்றாலை சுழன்றும் பேட்டரி ஏறவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இறக்கைகள் நாள் முழுதும் சுழன்றும் பேட்டரி ஏறாததற்கு, ஜெனரேட்டர் தரும் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தாண்டாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பழுது என்று முடிவு கட்டி அதைப் பிரித்துவிடாதீர்கள்.

காற்றின் திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. நீங்கள் குறிப்பிட்ட 1.2 மீட்டர் விட்டத்திற்குள், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் ஏறத்தாழ 18 வாட் மட்டுமே இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் அது 8 மடங்காகிறது. அதிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் பெற முடியாது. கூரை விளிம்பில் காற்று சுழித்து உடைவதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கம்பத்தை உயர்த்துவதே, என் கருத்தில், பெரிய இறக்கை வாங்குவதைவிட நல்ல வழி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பகலில் சூரியத் தகடு அதே பேட்டரியை 14 வோல்ட் வரை உயர்த்திவிடும் என்பதால், இதை இரவில் செய்யுங்கள். காற்றாலையிலிருந்து கன்ட்ரோலருக்கு (பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு) வரும் மூன்று கம்பிகளில், இரண்டிரண்டாக மல்டிமீட்டரை வைத்து மாறுதிசை (AC) மின்னழுத்தத்தை அளவிடுங்கள். மூன்று அளவுகளும் 10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் காற்று போதவில்லை. ஓர் இணை மட்டும் வேறுபட்டால் கம்பி இணைப்பையோ ஜெனரேட்டருக்குள் உள்ள கம்பிச் சுருளையோ சந்தேகிக்கலாம்.

மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் வகைக் கன்ட்ரோலருக்கு இந்த 10 வோல்ட் கணக்கு பொருந்தாது. மேலும், காற்றாலை சுழலும்போது பேட்டரியை ஒருபோதும் கழற்றாதீர்கள். சுமை நீங்கியதும் சுழற்சி கட்டுக்கடங்காமல் ஏறி, இறக்கை முறியவும் கன்ட்ரோலர் எரியவும் கூடும்.