களப்போரத்தில் 3 மீற்றர் ஜியோகிரிட் மண்சுவர் எத்தனை வருசம் தாங்கும்?

மட்டக்களப்பு உப்புக்காற்று ஜியோகிரிட்டைத் துருப்பிடிக்க வைக்காது, அது மண்ணுக்குள் படைபடையாக விரிக்கும் பிளாஸ்டிக் வலை. பொதுவாக 75 வருடத்துக்கென்றே இந்தச் சுவர்களை வடிவமைக்கிறார்கள். சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மாரிமழையில் களிமண் நிரப்பு ஊறினால் பாரம் கூடும், மண்ணுக்கும் கிரிட்டுக்குமான பிடி தளரும், சுவரின் முன்பக்கத்து முகக்கல் வெளியே பிதுங்கும். ஆகவே வயல் களி வேண்டாம். நீர் வடியும் மணலோ, களி குறைந்த கிறவலோ போடுங்கள். முகக்கல்லுக்குப் பின்னால் 300 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சல்லி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி, அடியில் துளைக்குழாய், அதற்கு வெளிவாயும் கட்டாயம். வெள்ளம் ஏறி இறங்கும் இடமென்றால் இதில் துளியும் சிக்கனம் கூடாது.

கிரிட் நீளம் உயரத்தின் 0.7 மடங்கு, அதாவது குறைந்தது 2.1 மீற்றர். கிரிட்டின் பலமான திசை சுவருக்குச் செங்குத்தாக இருக்கட்டும். திருப்பி விரித்தால் பலன் போச்சு. 200 மில்லிமீற்றர் படையாக இறுக்குங்கள். 150 மில்லிமீற்றர் மண் மூடுமுன் கிரிட்மேல் இயந்திரம் ஏறக்கூடாது. பொலியெஸ்டர் கிரிட் என்றால் உடைத்த பழைய கொங்கிறீற்றை நிரப்பாதீர்கள். அதன் காரம் நாரை மெல்ல அரிக்கும். சுருளை வெயிலில் போட்டு வைக்கவும் வேண்டாம்.