எலி கடித்தால் விசர்நாய் ஊசி வேணுமா?

கேள்வி: ஐயா, தலவாக்கலைப் பக்கம் லயத்தில் இருக்கிறோம். நேத்து விடியக்காலம் புண்ணாக்குச் சாக்குக்குள் கைவிட்டபோது எலி விரலைக் கடித்து ரத்தம் வந்தது. விசர்நாய் ஊசி போடணுமா? சினைப்பசுவுக்கும் போடணுமா?

பதில்: அம்மா, வீட்டு எலிக் கடிக்கு வழக்கமாக அந்த ஊசி போடுவதில்லை, எலியால் நீர்வெறுப்பு (விசர்நாய் நோய்) பரவுவது மிக மிக அரிது. நாய், பூனை, கீரி, மரநாய் போன்றவை கடித்தால் அன்றே ஓடவேண்டும். பசுவை எதுவும் கடிக்கவில்லை, அதற்கும் தேவையில்லை.

ஆனால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசிக்காக இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுக்குக் காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று போடுவார்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கோப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அடுத்த மூன்று நாலு கிழமைக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு, கெண்டைக்கால் வலி வந்தால் "எலி கடித்தது" என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காததுதான் எனக்குப் பெரிய கவலை. கடித்த எலி ஒன்று. அந்தச் சாக்கில் மூத்திரம் பெய்தவை எத்தனையோ. எலிக்காய்ச்சல் அந்த மூத்திரத்தில்தான் வருகிறது. வெடித்த விரலோடு ஈரப் பட்டியில் நின்றாலே போதும். பசுவுக்கும் தொற்றும்: கன்று வீசும், பால் குறையும், மூத்திரம் சிவக்கும். அப்படி ஏதும் கண்டால் வெறுங்கையால் தொடாமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

சாக்கில் தீனி வைப்பதை இன்றோடு விடுங்கள். இறுக்கமான மூடியுள்ள தகர பெரல் வாங்குங்கள். பிளாஸ்டிக்கை எலி கொறித்துவிடும். பெரலைக் கல்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அரை அங்குல ஓட்டையிலேயே குட்டி எலி நுழையும், அதனால் கால் அங்குலக் கம்பிவலை அடியுங்கள். எலிக்கூட்டைச் சுவரோரமாக வைத்து, சுட்ட தேங்காய்த் துண்டோடு மூன்று இரவு பொறியைப் பூட்டாமலே விடுங்கள். பயம் தெளிந்து தின்னத் தொடங்கியதும், நாலாம் இரவு பூட்டினால் கொத்தாக மாட்டும். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து, கையுறை போட்டு அள்ளுங்கள்.

கடைக்காரர் நீட்டும் பெயர்ச்சீட்டில்லாத எலிமருந்துப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். அதைப் பிள்ளையோ பசுவோ தின்றுவிட்டால், என்ன நஞ்சென்று தெரியாமல் டொக்டர் எதைக் கொடுப்பார்? அதை விற்பவருக்கு உங்கள் பட்டியைப் பற்றி அக்கறை இல்லை.