நாலாவது கை யாருடையது? டம்மி பற்றிக் கேள்வி பதில்

சீட்டாட ஆள் குறையும்போது போடுகிற டம்மி கையைப் பற்றி ஏழெட்டுக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒன்றாக உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். காசு வைத்து ஆடுவது பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்தக் கடை இங்கே இல்லை.

கேள்வி (மயிலாடுதுறை): அண்ணே, தஞ்சாவூருக்கு சீசன் டிக்கெட்டில் போகிறோம். ஏறியதும் 304 சீட்டாட்டம் ஆரம்பிப்போம். பாபநாசத்தில் ஒருத்தர் இறங்கிவிடுகிறார். மீதி அரை மணி நேரம் மூணு பேர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். டம்மி வைத்து ஆடலாமா?

ஆடலாம். ஆனால் முதலில் துண்டைக் கவனியுங்கள். நாலு பேர் முழங்காலில் விரித்த துண்டு, ஒரு முழங்கால் போனதும் தொங்கிவிடும், சீட்டெல்லாம் இருக்கைக்கு அடியில் போய்விடும். இறங்கியவர் இடத்தில் சாப்பாட்டுப் பையை நிமிர்த்தி வைத்து, துண்டின் முனையை அதன் மேல் போடுங்கள். அதுதான் உங்கள் டம்மி.

இனி ஆட்டம். வழக்கம்போல நாலு கைக்கும் நாலு நாலு சீட்டு. கேள்வி கேட்பது, அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கேட்பது, நீங்கள் மூணு பேர் மட்டும். துருப்பு என்பது இஸ்பேட், ஆர்ட்டின் முதலிய நாலு ஜாதியில் மற்ற மூன்றையும் வெட்டும் ஜாதி. கேள்வியில் ஜெயித்துத் துருப்பு வைத்தவருக்கு டம்மி கூட்டாளி, அதனால் அவர் பைக்கு எதிரே இடம் மாறி உட்கார வேண்டும். அடுத்த நாலு சீட்டும் போட்டாகட்டும். எதிராளி முதல் சீட்டை இறக்கும் வரை டம்மியின் எட்டுச் சீட்டும் கவிழ்ந்தே கிடக்கட்டும். இறக்கியதும் எட்டையும் மலர்த்தி வையுங்கள். அதற்குப் பிறகு டம்மி எதைப் போட வேண்டும் என்று துருப்பு வைத்தவர்தான் சொல்வார். துருப்பு எது என்பதையும் அப்போதே வாயால் சொல்லிவிடுங்கள். மூடி வைத்து ஆடினால் டம்மி வெட்டும் நேரத்தில் சண்டை வரும்.

'அவருக்கு ரெண்டு கை, எங்களுக்கு ஒண்ணா?' என்று ஒருவர் கேட்பார். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் பார்ப்பது 16 சீட்டு. நீங்கள் ஒவ்வொருவரும் பார்ப்பதும் உங்கள் எட்டு, டம்மியின் எட்டு, ஆக 16. எல்லோருக்கும் பாதிக் கட்டு தெரியும். டம்மியை மலர்த்தித்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்குத்தான். ஒருவர் மட்டும் எடுத்து ரகசியமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டால், ஜெயித்தாலும் தோற்றாலும் மற்ற இருவருக்கும் வயிறு எரியும்.

டம்மியே வேண்டாமா? அதற்கும் வழி உண்டு. 304-ல் 7, 8 இரண்டுக்கும் புள்ளியே கிடையாது. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு ஜாதிக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. எட்டு வெறும் சீட்டையும் எடுத்து வைத்துவிட்டால் மீதி 24, ஆளுக்கு எட்டு. மொத்தப் புள்ளி ஒன்றுகூடக் குறையாது. பண்டாரவாடை தாண்டுவதற்குள் பழகிவிடும்.

கேள்வி (காரைக்கால்): எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள். மூணு பேர் ஆடும்போது நாலாவது கையைக் காட்டி "இது மோர்" என்பார். பாட்டி ஒரு முறை நிஜமாகவே டம்ளரில் மோர் கொண்டு வந்துவிட்டாராம். என்ன அர்த்தம்?

இந்த வாரம் ரொம்பவும் ரசித்த கேள்வி. பிரெஞ்சில் டம்மி கைக்கு 'மோர்' என்றுதான் பெயர். இறந்தவர் என்று பொருள். இங்கிலீஷில் டம்மி என்றால் வாய் பேசாத ஆள், கடை வாசல் பொம்மை என்ற அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஒரேயடியாகப் பிணமாக்கிவிட்டான். 1954 நவம்பரில் காரைக்கால் கை மாறிய பிறகும் உங்கள் வீட்டில் அந்தச் சொல் தங்கியிருக்கிறது. சுத்தமான தமிழ் வார்த்தையின் சத்தத்தில் இருந்ததால் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

கேள்வி (கும்பகோணம்): பிரிட்ஜ் கத்துக்கொள்கிறேன். நான் டம்மியாகும் போதெல்லாம் "சும்மாதானே இருக்கே, காப்பி போடு" என்கிறார் வீட்டுக்காரர். டம்மிக்கு உண்மையிலேயே வேலை இல்லையா?

காப்பியை அவர் டம்மியாகும்போது போடச் சொல்லுங்கள் அம்மா.

விஸ்ட் என்ற பழைய ஆட்டத்தில் ஆள் குறைந்ததால் வந்தது டம்மி. பிரிட்ஜில் நாலு பேரும் முழுசாக உட்கார்ந்திருந்தும் ஒருவரை டம்மியாக்குகிறார்கள். காரணம் அதே பாதிக் கட்டுக் கணக்கு: 13-ம் 13-ம் 26. டம்மி விரிந்த பிறகு ஆட்டம் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்காது, யோசனையாக மாறிவிடும். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜை முதல் முறையாகச் சேர்த்தார்கள். அதில் நம் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வாங்கியது. பர்தனுக்கு அப்போது வயது 60.

டம்மிக்கு ஒரு நல்ல உரிமை உண்டு. கூட்டாளி ஒரு ஜாதியில் சீட்டு இல்லை என்று வேறு போட்டால், "அந்த ஜாதி உங்களிடம் இல்லையா?" என்று கேட்கலாம். ஆனால் அடுத்தவர் கையை எட்டிப் பார்த்தால் அந்த உரிமை போய்விடும். நான் ஒரு முறை டம்மியாகி, கால் மரத்துப் போனதென்று எழுந்து எதிராளி முதுகுப் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தால், கூட்டாளி கையில் இஸ்பேட் இருக்கும்போதே கிளாவர் போடுகிறார். வாயைத் திறக்க முடியவில்லை. ஆட்டம் போனது. கூட்டாளி ஒரு வாரம் பேசவில்லை. அதனால் நாற்காலியிலேயே இருங்கள்.

கேள்வி (மன்னார்குடி): ரெண்டு பேர் ரம்மி சப்பென்று இருக்கிறது. மூணாவதாக ஒரு டம்மி கை போடலாமா?

போடலாம், ஆனால் ஆட்டம் கெட்டியாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரு கட்டு, ஜோக்கரை விட்டுவிடுவோம். உங்கள் 13, திறந்து வைத்த 1, மீதி தெரியாதது 38. நீங்கள் காத்திருக்கும் ஆர்ட்டின் 7 எதிராளியின் 13-ல் இல்லாமல் கட்டில் இருக்க 38-ல் 25 வாய்ப்பு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. டம்மிக்கு 13 ஒதுக்கினால் கட்டில் மிஞ்சுவது 12. வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். காத்திருந்து காத்திருந்து கட்டும் தீர்ந்துவிடும். பேசாமல் மூணாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவர்): சார், சீட்டு கேம் ஒன்று கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். கற்பனை ஆட்டக்காரரை எவ்வளவு புத்திசாலியாக வைப்பது?

புத்தியே வேண்டாம் தம்பி, வழக்கம் இருந்தால் போதும். பக்கரா என்ற ஆட்டத்தில் 'பிளேயர்' என்று ஒரு கை, 'பேங்கர்' என்று ஒரு கை. இரண்டும் யாருடையதும் அல்ல. பிளேயர் கையின் புள்ளி 5 வரை இருந்தால் இன்னொரு சீட்டு, 6, 7 என்றால் நிறுத்தம். முடிவெடுக்க ஆளே இல்லை, ஆனாலும் ஆட்டம் ஓடுகிறது. உங்கள் ஆளுக்கும் மூணு வரி எழுதுங்கள்: பிடியை (ஒரு சுற்றில் இறங்கும் சீட்டுகளை) ஜெயிக்க முடிந்தால் ஜெயிக்கிற சீட்டிலேயே சின்னது, முடியாவிட்டால் கையிலேயே சின்னது, கூட்டாளி ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தால் புள்ளியுள்ள சீட்டு. ஆடுபவர்கள் அதற்கு ஒரு குணம் இருப்பதாக அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி (வலங்கைமான்): டம்மி கை பிடிக்கும் புள்ளி யாருக்கு?

டம்மியை ஆட்டுவிப்பவருக்கு.

கேள்வி (திருவையாறு): அவர் போய் இரண்டு வருஷமாகிறது. சாயங்காலம் ரம்மி ஆடுவோம். இப்போதும் அவருக்கு 13 சீட்டு போட்டு, இரண்டு கையையும் நானே ஆடுகிறேன். பேத்தி சிரிக்கிறாள். ஒரே கஷ்டம், எப்போதும் நானே ஜெயிக்கிறேன்.

சிரித்துவிட்டுப் போகட்டும் அம்மா. பல்லாங்குழியில் தனியாக ஆடுவதற்கென்றே சீதைப் பாண்டி இருக்கிறது. அசோக வனத்தில் சீதை ஆடியது என்பார்கள்.

நீங்களே ஜெயிப்பதற்குக் காரணம், அவர் கையை நீங்கள் உங்கள் மாதிரி ஆடுகிறீர்கள், அதுவும் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே. மேலே திருவாரூர்த் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். அவர் எப்படி ஆடுவார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கீழே கிடக்கும் சீட்டை எடுக்கவே மாட்டாரா? ராஜா, ராணியைக் கடைசி வரை விடமாட்டாரா? ஜோக்கர் வந்தால் தொண்டையைக் கனைப்பாரா? கனைப்பைத் தவிர மற்றதை ஒரு தாளில் எழுதி, சீட்டுப் பெட்டியில் வையுங்கள். அவர் முறை வரும்போது தாளில் உள்ளபடி மட்டும் போடுங்கள். இரண்டு வாரம் ஆடிவிட்டு யார் எத்தனை ஆட்டம் என்று எனக்கு எழுதுங்கள்.